உப்பில் தேய்த்த தட்டு

உள்ளங்கை கொள்ளுமளவு கல்லுப்பை அள்ளி, புதுத் தட்டின் விளிம்பில் வைத்துத் தேய்க்கிறார் சிங்காரம். பாத்திரம் துலக்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இது சாப்பிடும் தட்டு அல்ல, வீசும் தட்டு.

மரக்காணத்தில் உப்பு வாருகிறவர். மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும். எட்டு வருஷத்துக்கு முன் அப்படியொரு ஐப்பசியில், இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் குழி தோண்டப் போனார். குழிகளில் சங்கிலி தொங்கும் கூடைக் கம்பங்களை நட்டார்கள். தூரத்திலிருந்து பிளாஸ்டிக் தட்டை வீசிக் கூடையில் சேர்க்க வேண்டும். பெயர் டிஸ்க் கோல்ஃப். கூலியோடு ஒரு பழைய சிவப்புத் தட்டும் இவருக்குக் கிடைத்தது. அடுத்த மழைக்குள், காரில் வந்து ஆடுகிறவர்களைத் தோற்கடிக்கத் தொடங்கிவிட்டார் மனுஷர்!

இப்போது வயது ஐம்பத்திரண்டு. மூட்டை தூக்கியே வலது தோள் போய்விட்டது. ஆனால் சிவப்புத் தட்டு தேய்ந்து பதமாகியிருந்தது. "வேகமே வேணாம் சார். சும்மா வுட்டா போதும், அதுவா போயி கூடையில குந்திக்கும்."

போன கார்த்திகைப் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மனைவி தனக்கோடி ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டார், இவர் ஆட்டை அவிழ்த்துவிட்டார். கட்டிலுக்கடியில் இருந்த தட்டு வெள்ளத்தோடு போனது.

தோப்புக்காரர்கள் அதே கம்பெனியில், அதே எடையில் மூன்று தட்டுகள் வரவழைத்துத் தந்தார்கள். புதுத் தட்டு வேகம் கேட்கிறது. கொடுக்க இவரிடம் தோள் இல்லை. பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்து விழுந்துவிடுகிறது. தேய்ந்தால் சரியாகிவிடும் என்று இவராக முடிவு கட்டி, முதல் தட்டை உப்புப் பாத்தி நீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டார். அப்பளமாக நெளிந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. இது மூன்றாவது.

"இந்த உப்பு இரும்ப தின்னுது, என் கால தின்னுது, இத மட்டும் தொட மாட்டேங்குது பாருங்க" என்கிறார். பிளாஸ்டிக்கை உப்பு ஒன்றும் செய்யாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருக்கிற இன்னொரு தோளையும் இதுக்கே குடுத்துடு" என்கிறார் தனக்கோடி. சிங்காரம் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொல்கிறார்: "இங்க எல்லாரும் ஏய், வாடா, போடாதான். அங்கதான் சார் என்னை 'சிங்காரம் சார்'னு கூப்புடுவாங்க. தட்டு இல்லாம எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?" ஐந்து மாதமாகத் தோப்புப் பக்கம் போகவில்லை.

தொலைந்தால் எடுத்தவர்கள் கூப்பிடட்டும் என்று தட்டின் அடியில் போன் நம்பரை எழுதிவைப்பது இந்த ஆட்டக்காரர்களின் வழக்கம். சிவப்புத் தட்டிலும் இவர் எழுதியிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. தெரியாத எண். உப்புக் கையைக் கைலியில் இரண்டு தரம் துடைத்துவிட்டு எடுத்தார்.

"அலோ, சிங்காரம்தாங்க பேசுறேன்."

ரீசார்ஜ் செய்யச் சொல்லும் பதிவுக் குரல், எனக்கே கேட்டது. கடைசி வார்த்தை வரை கேட்டார். "சரிங்க" என்று அதற்குப் பதிலும் சொன்னார். குரல் நின்ற பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.