கயிறு தொட்டவனுக்கு மீன்

இந்த அரபு நாட்டில் கரைவலையை மனிதர்கள் இழுப்பதில்லை, வண்டி இழுக்கிறது. பிக்கப்பின் பின்னால் கயிற்றைக் கட்டி, மணலில் உறுமவிட்டு ஏற்றுவார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ராமநாதபுரத்துக் கரையில் பிறந்தவனுக்கு வேறென்ன வரும்? எங்கள் பக்கம் பாதி ஊரே கயிற்றில் நிற்கும். வழியில் போகிறவன் கை கொடுத்தாலும் அவனுக்குக் குழம்புக்கு மீன் உண்டு. கேட்கக்கூட வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம்.

நான் துபாயில் அல் குசைஸில் தங்கி, ஒரு கல்லூரிக்கு பஸ் ஓட்டுகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு சனி, ஞாயிறு, மேற்கு ஆப்பிரிக்க மாணவர்களை ஃபுஜைரா, கல்பா என்று கிழக்குக் கரையோரமாகச் சுற்றிக்காட்டும் டியூட்டி. அவர்களில் கோஃபி கானா நாட்டுக்காரன், கடைசி வருஷம், மீன்பிடிக் குடும்பம். வழியெல்லாம் என் பின்சீட்டில் உட்கார்ந்து தன் ஊர்க் கரையைப் பற்றியே பேசினான். அங்கேயும் பாட்டோடு வலை இழுப்பார்களாம், அங்கேயும் கயிறு தொட்டவனுக்கு மீனாம். "அங்கிள், சேம் சேம்!" என்று என் தோளில் தட்டினான். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாக் கடலும் சேம் சேம்தான்" என்றேன்.

கல்பாவைத் தாண்டியதும் ஒரு வலை வந்துகொண்டிருந்தது. பிக்கப்பின் சக்கரம் மணலில் புதைந்து, கூலியாட்கள் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வலை பாதிக் கடலில். இதைக் கண்டதும் கோஃபி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான், பின்னாலேயே மற்றவர்களும். கயிற்றைப் பிடித்து, பாடிப் பாடி இழுத்து, வலையைக் கரையேற்றியே விட்டார்கள். பெண் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் நின்று ரசித்தேன். அப்புறம் கோஃபி குனிந்து, வாலைப் பிடித்து ஒரு பெரிய மீனை எடுத்துக்கொண்டு, சிரித்தபடி பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.

"சோர்! சோர்!" என்று கூலியாட்களில் ஒருவன் கத்தினான். திருடன் என்கிறான் என்று கோஃபிக்கு விளங்கவில்லை. அவன் கயிற்றைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, மீனைத் தூக்கிக் காட்டினான். கத்தியவன் மண்வெட்டிக் காம்பை ஓங்கி அவன் முகத்தில் ஒரே போடு போட்டான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோஃபியின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மறுநொடி அவன் எழுந்து, அடித்தவனைத் தூக்கி மணலில் அறைந்து, மேலே ஏறி உட்கார்ந்து குத்தினான். கூலியாட்கள் கயிற்று நுனியால் அவன் முதுகை விளாசினார்கள். நண்பர்கள் பாய்ந்தார்கள். யார் யாரை அடித்தார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம். இடையில் புகுந்த எனக்குத் தோளில் ஒரு அடி, அடிவயிற்றில் ஒரு உதை.

"டேய், விடுங்கடா! கொலை விழுந்துரும்டா!" என்று தமிழில் அலறினேன்.

கீழே கிடந்தவன் வாயில் ரத்தத்தோடு தலையைத் தூக்கினான். "அண்ணே... நீங்க எந்த ஊரு?"

சொன்னேன். அவன் பெயர் முனியசாமி. எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்குகிறவன். அட பாவி!

"உனக்குமாடா தெரியாது, கயிறு தொட்டவனுக்கு மீன்னு?"

"தெரியும்ணே. ஒத்த மீன் கொறஞ்சாலும் விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவேன்னு போர்மேன் சொல்லிருக்கான்ணே. நான் என்ன செய்ய?"

எங்கள் கரையிலும் அடிதடி உண்டு. வலைப் பங்குச் சண்டையில் என் சித்தப்பாவின் காதை ஒருவன் கடித்தே துப்பினான். மறுநாள் பஞ்சாயத்து கூடியது. அபராதம், மன்னிப்பு, அடுத்த வாரம் இருவரும் ஒரே படகில் போனார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. போலீஸ், கேஸ், விமானம், அவ்வளவுதான். ஒருவன் படிப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லை மற்றவன் பிழைப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

போலீஸ் வந்தது. கறுப்பன்தான் முதலில் அடித்தான் என்று கூலியாட்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அதிகாரி என்னிடம் திரும்பினார். "டிரைவர், தும் போலோ. பஹ்லே கிஸ்னே மாரா?"

யார் முதலில் அடித்தது? முனியசாமி என்னையே பார்த்தான், கும்பிடவில்லை, பார்க்க மட்டும் செய்தான். கோஃபி தரையில் உட்கார்ந்து, சட்டையால் மூக்கை அமுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்காகப் பேச அங்கே அவன் மொழிக்காரப் பெரியவர் ஒருவருமில்லை. முனியசாமிக்கு நான் இருந்தேன்.

விரலை நீட்டி முனியசாமியைக் காட்டினேன். "இஸ்னே."

வண்டியில் ஏற்றும்போது அவன் திட்டவில்லை. "நல்லாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கோஃபி தையலோடு பரீட்சை எழுதித் தேறிவிட்டான். அவன் அம்மா கானாவிலிருந்து வீடியோவில் வந்து அழுதார். எப்போது வந்தாலும் அந்த வீடு என் வீடுதானாம். மாதம் ஒருமுறை கூப்பிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்கிறார்.

முனியசாமியை விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அண்ணனும் போனில் அதையேதான் கேட்டான். குரலில் அத்தனை மரியாதை. "லீவு எப்பண்ணே? சொல்லுங்க. நாங்க பஸ் ஸ்டாப்புலயே நிக்கிறோம்."

அவர்கள் ஊர் வழியாகத்தான் எங்கள் ஊருக்கு பஸ், வேறு பாதை கிடையாது. லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கே வந்து என்னோடு பஸ் ஏறுவேன் என்கிறாள். வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.