மைதானத்தில் கழிந்த மாலைகள்

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அம்மாவுடன் ஆட்டோவில் போகும்போது, புத்தரிக்கண்டம் மைதானத்தருகே சூடான மணலில் கடலை வறுபடும் வாசனை வந்தது. நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

ஆரியசாலையில் அப்பா வேலை பார்த்த மொத்த விலைக் கடையை மூடிய வருடம் அது. வேறு வேலை கிடைக்காமல் அவர் வீட்டிலேயே இருந்தார். காலையில் எங்களுக்கு யானை, மீன் என்று உருவம் வைத்துத் தோசை வார்ப்பார். சாயங்காலம் அம்மா எங்கள் தலையை வாரிவிட்டு, "அப்பா கூட மைதானத்துக்குப் போயிட்டு வாங்க" என்பாள். நானும் தங்கையும் பட்டத்தின் பின்னால் ஓடிக் களைத்துப் புல்லில் விழுவோம். அப்பா கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார்.

அடுத்த வருடம் அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அதன்பின் லீவுக்கு வந்துபோகும் விருந்தாளியாகி, அங்கேயே இறந்தும் போனார்.

"அப்பா வீட்டுல இருந்த அந்த ஒரு வருஷம் எவ்வளவு சந்தோஷமா இருந்தோம், அல்லேம்மா?" என்றேன்.

அம்மா வெளியே பார்த்தபடி சொன்னாள். "நீங்க இருந்தீங்க. நாளைக்கு அடுப்புல என்ன வைக்கதுன்னு தெரியாம நான் கெடந்தேன். நீங்க மூணு பேரும் வெளியே போனாத்தான் எனக்கு அழ முடியும். அதுக்காகத்தான் தினமும் அனுப்பினேன்."

"அப்பாவுக்கு அது தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் இருட்டுற வரைக்கும் உங்களைக் கூட்டிட்டு வரமாட்டாரு."