மடிப்புக்குள் மாட்டிய ஊசி முனை

தங்கையின் குழந்தைக்காகப் பழைய காட்டன் புடவைகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து விரிப்பு தைத்தேன். நான்கு சதுரங்கள் சேரும் இடத்தில் தையலுக்கு விட்ட ஓர மடிப்புகள் எல்லாம் ஒரே பக்கம் விழுந்து, புளியங்கொட்டை போல மேடாகிவிட்டது. மறுநாள் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாளே என்ற அவசரத்தில் அதன் மேலேயே மெஷினை ஓட்டினேன். 'டக்'கென்று ஊசி உடைந்தது. முனையைக் காணோம்.

சும்மாவே பயப்படுகிறவள் நான். பச்சைக் குழந்தை முதுகில் குத்திவிட்டால்? துணியை உதறினேன், தரையைப் பெருக்கினேன். கிடைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை முடிந்து வந்த என் கணவர், "இன்னாமே, அழுதுகினு கீற?" என்றார். சொன்னேன்.

"இரும்புக் கம்பெனிக்காரன் ஊட்ல ஒரு ஊசிக்கா இவ்ளோ பேஜாரு?" என்று சிரித்தவர், கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி விரிப்பின் மேல் மெதுவாக நகர்த்தினார். அந்த மேட்டில் மட்டும் துணி காந்தத்தோடு எழும்பியது. பிரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் முனை!

"இன்னும் துண்டு உள்ள இருந்தா? வேற துணியில தெச்சிடட்டா?" என்றேன்.

"மெஷின்ல மாட்டிகினு கீற பாதியக் கழட்டி, ரெண்டையும் சேத்து வெச்சிப் பாரு. முழு ஊசி வந்துச்சின்னா இன்னா பயம்?"

வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் ஒரு வரிசை மடிப்புகளை இடப்பக்கமும், அடுத்த வரிசையை வலப்பக்கமும் இஸ்திரி போட்டுப் படிய வைக்கிறேன். மூலையில் மிஞ்சும் துணியைக் கத்தரித்துவிடுகிறேன். இணைப்பு வந்தால் பெடலை விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுகிறேன். தைத்து முடித்ததும், ஊசி உடையாவிட்டாலும், காந்தத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுக்கிறேன்.