சேலை நிறம் மாறவில்லை

தொடரில் வருகிற அந்தக் கறுப்புப் பெண் இரண்டாவது சீசனில், கடைசிக்கு முந்தின எபிசோடில் செத்துப்போனாள். சத்தத்தைக் கையால் பிடித்து நிறுத்துகிற சக்தி அவளுக்கு. வெடிகுண்டு வெடித்தாலும் அந்த ஓசையை உள்ளங்கையில் மடக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரே ஒரு துப்பாக்கி ரவையில் முடித்துவிட்டார்கள். வெள்ளைக்கார நாயகன் அவளை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியாக்கா, நான் சொன்னேன்ல. இவனுக்குக் கோவம் வரணும்னா அவ சாவணும். அதுக்குன்னே எழுதி வெச்சிகிறானுங்க" என்றேன்.

அக்கா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே திரையைப் பார்த்தாள்.

"அது கெடக்குதுடி. இருவது எபிசோடு பாத்தாச்சு. அவ ஒரு வாட்டியாச்சும் சோறு துன்னாளா?"

நான் யோசித்துப் பார்த்தேன். நாயகன் அம்மாவோடு சாப்பிட்டான், காதலியோடு சாப்பிட்டான், தனியாக ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டான். அவன் வீட்டுப் பூனைகூடப் பால் குடித்தது. இவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. இவளுக்கு வீடு எங்கே என்றே காட்டவில்லை. யாராவது கூப்பிட்டால் வருவாள், சத்தத்தைப் பிடிப்பாள், போய்விடுவாள். இருபது மணி நேரம் பார்த்த எனக்கு இது தோன்றவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அன்று சாயங்காலமே அதை நெட்டில் என் பக்கத்தில் எழுதிப் போட்டேன். அக்கா சொன்னது என்று போடவில்லை. நானே கண்டுபிடித்த மாதிரி போட்டேன்.

எனக்கு வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள். ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, நெட்டில் ஏற்றுகிற வேலை. நாங்கள் மத்தியானம் சாப்பிடுவது கடைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டாக் ரூமில். காலிச் சேலைப் பெட்டி ஒன்றின்மேல் என் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அரை மணி நேரம் நானும் அக்காவும் சூப்பர்ஹீரோ தொடர் பார்ப்போம். அக்கா எனக்கு உறவில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள், என்னைவிட ஆறு வயது மூத்தவள், கலசப்பாக்கம் பக்கத்து ஊர்க்காரி. என் புருஷன் இந்தத் தொடர்களைப் பார்த்தால் சிரிப்பார். "சின்னப் பசங்க பாக்கறத நீ பாத்துகினுகிற" என்பார். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பறக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் அது கொஞ்சம் நிற்கும். அதுவும் இப்போதெல்லாம் நிற்பதில்லை, பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது.

அந்தக் கோபத்தைக் கொட்டத்தான் நெட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பேர் கிடையாது, போட்டோ கிடையாது. கறுப்பினப் பாத்திரங்களை இந்தத் தொடர்கள் என்ன செய்கின்றன என்பதைத்தான் அதிகம் எழுதுவேன். கறுப்பு நண்பன் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "இடது பக்கம் திரும்பு, பின்னால ஆள் இருக்கு" என்று நாயகன் காதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கறுப்பு நடிகை என்றால் வேற்றுக்கிரகத்துக்காரி என்று சொல்லி முகம் முழுக்கப் பச்சையைப் பூசிவிடுவார்கள். முக்கிய வேஷமே கொடுத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டால், தலையோடு மூடிய கவசம் போட்டிருப்பான். போஸ்டரில் கவசம் மட்டும்தான் இருக்கும். வெள்ளைக்காரனுக்குச் சக்தி பிறப்பிலேயே வரும். இவர்களுக்கு ஜெயிலில் வரும், இல்லையென்றால் யாராவது ஊசி போட்டு வரும்.

இதையெல்லாம் பேச நீ யார் என்று ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். நான் சென்னையைத் தாண்டியதில்லை. வேலூரில் படிக்க வந்த இரண்டு ஆப்பிரிக்கப் பையன்களை ஒரு தடவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அன்றைக்கு பஸ்ஸில் இருந்த எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள், நானும்தான். அவர்களுக்காக வக்காலத்து வாங்கு என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் தமிழ் டப்பிங்கைக் கேட்ட நாளிலிருந்து இது என் சொந்த விவகாரமாகிவிட்டது. நாயகன் பேசினால் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் மாதிரி இருக்கும். "நண்பா, நான் விரைந்து வருகிறேன்" என்பான். கறுப்பு நண்பன் வாயைத் திறந்தால், "இன்னா நைனா, தோ வந்துகினே கீறேன்." அது எங்கள் பேச்சு. ஆரணி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் டிக்கெட் கேட்கிற பேச்சு. எங்கேயோ ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தவருக்கு, சிரிப்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும் எங்கள் வாய்தான் ஞாபகம் வந்திருக்கிறது. நான் குதிகுதி என்று குதித்தேன்.

அக்கா சிரித்தாள். "அந்தப் படத்துல அவன் ஒருத்தந்தான் நம்ம ஊர்க்காரன் மாதிரி கீறான். அவனையும் திட்டி அனுப்பிடாத."

அவள் அப்படித்தான். நான் ஒரு பக்கம் எழுதுவதை ஒரு வரியில் முடித்துவிடுவாள்.

போன ஆடியில், கடை வீடியோவுக்குச் சேலை கட்டி நிற்கிற பெண் வரவில்லை. வந்தவாசியிலிருந்து பஸ் ஏறி வருவாள், நல்ல சிவப்பு. அன்றைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. புதுச் சேலைகள் பிரித்து வைத்தாகிவிட்டது, விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான்தான், "அக்கா நிக்கட்டுங்க. அவங்களுக்குத் தெரியாத சேலையா?" என்றேன்.

அக்கா முதலில் பின்வாங்கினாள். அப்புறம் உள்ளே போய் மயில் கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கேமரா ஓட ஆரம்பித்ததும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். பச்சை நூலும் நீல நூலும் எப்படிக் கலந்து அந்த நிறம் வருகிறது, எந்த வெளிச்சத்தில் எந்த நிறம் முன்னால் வரும், எந்த ரவிக்கை போட்டால் சேலை எடுப்பாகத் தெரியும் என்று எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசினாள். ஒரு இடத்தில்கூட திக்கவில்லை. முடிந்ததும் முதலாளி, "நல்லா பேசறம்மா. இது நல்லா போச்சுன்னா இனிமே வீடியோவுக்கு நீயே நில்லு" என்றார்.

அக்கா அன்று மத்தியானம் தொடர் பார்க்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் ஐந்து பெண்கள். கல்யாணம், காதுகுத்து என்று போட்டோ எடுக்கும்போதெல்லாம் இவளைத்தான் ஓரத்தில் நிறுத்துவார்களாம். "கருவாச்சி, நீ பின்னாடி நில்லு" என்று சொல்லிச் சொல்லி, சொல்லாமலே இவளே போய்ப் பின்னால் நிற்கப் பழகிவிட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "வீடியோ வந்ததும் மொதல்ல எங்க பெரியக்காவுக்கு அனுப்பணும்டி. ஊரு பூரா காட்டட்டும்" என்றாள். இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

சாயங்காலம் வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தேன். முதலாளி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் டல்லா இருக்குதும்மா. பாத்து சரி பண்ணிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளிச்சத்தைக் கூட்டினேன். உடனே சேலை வெளுத்தது. எங்கள் தொழிலில் அது ஆகாது. திரையில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம் என்றால் அடுத்த நாளே சேலை திரும்பி வரும். அதிலும் மயில் கழுத்து பொல்லாத நிறம். துளி கூட்டினால் பச்சையாகிவிடும், துளி குறைத்தால் கருநீலம். அதனால் சேலையைத் தனியாகப் பிரித்தேன். முந்தானையின் ஓரம், மடிப்பின் ஓரம் என்று ஒவ்வொரு இடமாக வரைந்து, சேலையை அப்படியே வைத்துவிட்டு மற்றதை மட்டும் வெளுத்தேன். மற்றது என்றால் முகம், கழுத்து, இரண்டு கை. இடையில் எழுந்து போய் அந்தச் சேலையை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு வந்து, திரையில் இருக்கிற நிறத்தோடு ஒத்துப்பார்த்தேன். நூல் பிசகவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. கால்கூட ஆடவில்லை.

ஏற்றி முடித்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்து என் பக்கத்துக்கு ஒரு பதிவு எழுதினேன். எல்லாத் தொடரிலும் ராத்திரிக் காட்சிகளில் கறுப்பு நடிகர்களின் முகம் இருட்டில் கரைந்துபோகிறது, போட்டிருக்கிற உடைதான் மின்னுகிறது, அவர்கள் தோலுக்கு விளக்கு வைக்கத் தெரியாதவர்கள் எதற்குப் படம் எடுக்கிறார்கள் என்று கிழிகிழி என்று கிழித்திருந்தேன். நிறைய பேர் பாராட்டியிருந்தார்கள். உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். அவள் அனுப்பியிருந்த வீடியோவுக்குக் கீழே பெரியக்கா எழுதியிருந்தாள்: 'சேலை சூப்பரா கீது. கட்டிகினு இருக்கறது யாரு? உன் குரல் மாதிரியே பேசறா.'

"எங்க பொண்ணுகூட ரெண்டு வாட்டி பாத்துட்டுதான் கேட்டுது, நீயாம்மா இதுன்னு" என்றாள் அக்கா. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். "சேலை கலரு மாறவே இல்லியே. மூஞ்சி மட்டும் எப்படிடி மாத்தன?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இப்போது நினைத்தால். "சேலையத் தனியா பிரிச்சி எடுத்துட்டேங்கா. ஓரம் ஓரமா வரையணும். கஷ்டமான வேலைதான், மூணு மணி நேரம் ஆச்சு" என்று வேலைத் திறமையை விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"சேலைய வாசலுக்கு எடுத்தும்போயி பாத்தியே, நான் பாத்தேன். என்னையும் ஒரு வாட்டி கூப்ட்டு பாத்திருக்கலாம்ல" என்றாள்.

நான் பழியை முதலாளிமேல் போட்டேன். அவர்தான் டல்லாக இருக்கிறது என்றார், நான் என்ன செய்ய என்றேன். அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நேராக முதலாளியிடம் போனேன். "அக்கா மொகத்த மாத்தனது தப்புங்க. உள்ளது உள்ளபடியே போட்டுடறேங்க" என்றேன், சண்டைக்குத் தயாராக.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மொகத்த மாத்தச் சொல்லி நான் எப்பம்மா சொன்னேன்? பின்னாடி ரெண்டு டியூப்லைட்டு எரியல, அத்தான் டல்லா கீதுன்னேன். சேலை வித்தா சரி, நீ எதுவேணா போடு."

முகம் என்று அவர் சொல்லவே இல்லை. வீடியோ இருட்டாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னதும் என் கை நேராக அக்காவின் முகத்துக்குத்தான் போயிருக்கிறது. கூரையை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பழைய வீடியோவை எடுத்துவிட்டு நிஜத்தைப் போட்டேன். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் ரவிக்கைத் துணிகளை மடித்துக்கொண்டே, "அதையும் எடுத்துடு. இனிமே எது போட்டாலும் ஊர்ல ரெண்டையும் வெச்சி வெச்சிப் பாப்பாங்க" என்றாள். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். "பேசறது நான் பேசறேங்க. நிக்கறது அந்தப் பொண்ணே நிக்கட்டும்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. வந்தவாசிப் பெண் சேலை கட்டி நிற்கிறாள். அக்கா கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறாள். "முந்தானைய கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா, இடது பக்கம் திரும்பு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் கேமராவுக்குள் தலையைக் குனிந்துகொள்கிறேன். என் பக்கத்தில் நான் எழுதி ஏழெட்டு மாதம் ஆகிறது.

போன வாரம் மூன்றாவது சீசன் வந்தது. சத்தத்தைப் பிடிக்கிறவள் சாகவில்லையாம், திரும்பி வந்துவிட்டாள். இப்போதெல்லாம் அக்கா கல்லாப் பக்கத்துப் பெண்களோடு சாப்பிடுகிறாள், நான் ஸ்டாக் ரூமில் தனியாகப் பார்க்கிறேன். முதல் எபிசோடிலேயே சத்தம் பிடிக்கிறவள் தன் வீட்டுக்குப் போகிறாள். அம்மா இருக்கிறாள், அடுப்பு இருக்கிறது. மேஜைக்கு நேர் மேலே மஞ்சள் விளக்கு. அவள் உட்கார்ந்து தட்டு நிறையச் சாப்பிடுகிறாள், பேச்சே இல்லாமல், ரொம்ப நேரம். முகத்தில் ஒவ்வொரு இடமும் தெரிகிறது, நெற்றியில் இருக்கிற சின்னத் தழும்பு வரைக்கும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். "அக்கா, துன்றா பாரு" என்று நீட்டினேன். சோற்றுக் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு அவள் அந்தக் காட்சி முடிகிறவரை பார்த்தாள். அப்புறம் இடது கையால் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத எடிட் பண்ணவங்க யாரோ, அவ மூஞ்சியத் தொடலடி" என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள்.