சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்வி

பாகலூர் சாலையில் எங்கள் குடியிருப்பு வாசலில் ஒருவர் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார். பெரும்பாலும் கம்பெனிச் சீருடைகள்தாம். அவற்றுக்கு வாசனை கிடையாது. எப்போதாவது கஞ்சி போட்ட வெள்ளைத் துணி ஒன்று வரும். சூடான பெட்டி அதன்மேல் ஏறும்போது வெந்த சோறும் வெயிலும் சேர்ந்து கருகுவதுபோல் ஒன்று எழும். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பவன் நின்றுவிடுவேன். அந்த வாசனைக்குள் என் அக்கா நிற்கிறாள். நெற்றியை இறுக்கிய முக்காடும் கணுக்கால்வரை வெள்ளை உடுப்புமாக, சிரிப்பை அடக்கத் தெரியாமல்.

அக்கா கன்னியர் மடத்துக்குப் போனபோது அவளுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினொன்று. பாரூர் ஏரிக்குக் கீழே கரும்பு போட்டிருந்த அப்பா, வெட்டு நடக்கிற வாரத்தில் ஆட்களை விட்டுவிட்டு வந்து அவளை மடத்து வாசலில் இறக்கினார். ஒன்பது வருஷம் கழித்து அவள் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல், சாகும்வரை. பீடத்துக்கு முன்னால் தரையில் குப்புற விழுந்து கிடந்தாள், கோயிலே புனிதர்களின் பெயர்களைச் சொல்லிப் பாடிக்கொண்டிருக்க. நான் அப்போது கல்லூரியில் எல்லாவற்றையும் கேலி செய்கிற வயதில் இருந்தேன். வெளியே வந்ததும் கேட்டேன்: "துணிக்குள்ள நீ இருக்கியா, இல்ல கஞ்சி மட்டும்தான் நிக்குதா?" அவள் என் காதைத் திருகினாள். கஞ்சி வாசனை. அன்றைக்கு அது எனக்குச் சிறையின் வாசனையாகத்தான் பட்டது.

மடத்தில் சேர்ந்த புதிதில், பயிற்சி பெறும் நவதுறவியாக இருந்த காலத்துக் கதைகளை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டும் என்று கேட்கக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கவனித்து நகர்த்தினால் உண்டு, இல்லையென்றால் உப்பில்லாமல். "வேணும்" என்ற சொல்லை நாக்கிலிருந்து உரித்து எடுக்கிற பயிற்சி அது. அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமங்களில் மருந்துப்பெட்டியோடு பத்து வருஷம் நடந்தாள். அப்புறம் ஜவளகிரி. அப்புறம் வேறெங்கோ. ஒவ்வொரு தடவையும் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வரும், ஒரு தகரப்பெட்டி கிளம்பும். எங்கே போக ஆசை என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. இவ்வளவு பேரை அடக்கி வைத்திருக்கிறார்களே என்று நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவள் கொதிக்கவில்லை.

கடைசியில் தளி சாலையில், ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களைத் தாண்டியிருக்கும் மடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஐந்து சகோதரிகள். சிறிய செபக்கூடம், அதில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசைப் பெஞ்சு. காலையும் மாலையும் பைபிளிலுள்ள சங்கீதத்தின் ஒரு வரியை இந்தப் பக்கம் சொல்ல, அடுத்த வரியை அந்தப் பக்கம் சொல்லும். இந்தப் பக்கம் மூச்சு வாங்கும் நேரத்தில் அந்தப் பக்கம் கடவுளோடு பேசும். செபத்தையே விட்டுவிட்ட நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். ஊஞ்சல் ஆடுவதுபோல் இருக்கும்.

மடத்தின் முன்கட்டிடத்தை வேலைக்குப் போகிற பெண்களின் விடுதியாக்கினார்கள். திருநெல்வேலி, விருதுநகர், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள், மூன்று ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று முதலில் மத்தியான மணியை நிறுத்தினார்கள், பிறகு எல்லா மணியையும். செபவேளை வந்தால் ஐந்து பேர் இடுப்பிலும் கைப்பேசி நடுங்கும். "ஆண்டவர் இப்ப வைப்ரேஷன்ல கூப்பிடறார்டா" என்றாள் அக்கா. உடுப்பும் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. இளையவர்கள் சுடிதாருக்கு மாறினார்கள். ஸ்கூட்டி ஓட்ட அதுதான் வசதி. அக்கா மட்டும் முக்காட்டை விடவில்லை.

பிறகுதான் பெரிய மாற்றம் வந்தது. மடம் முழுவதுமே விடுதியாகப் போகிறது. இரண்டு சகோதரிகள் மட்டும் இங்கே தங்கி, விடுதியையும் செபக்கூடத்தையும் பார்த்துக்கொள்வார்கள். மற்ற மூவரும் மதில்களை விட்டு வெளியேறி, வேறு மடங்களிலிருந்து வருகிறவர்களோடு இரண்டிரண்டு பேராகத் தொழிலாளர் குடியிருப்புகளில் வாடகை வீடு எடுத்து, மக்களோடு மக்களாக வாழ வேண்டும். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. இருபது வயதில் நான் கேட்ட சபை இதுதான். படுக்கை கிடைக்காமல் ஒரே அறையில் எட்டுப் பேர் கிடக்கிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். "லிங்க் ஒண்ணு அனுப்பிக்கிறாங்கடா. எனக்குத் தொறக்கவே வரல. கொஞ்சம் வந்துட்டுப் போ."

போனேன். சாப்பாட்டறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே, விடுதியைக் கவனித்துக்கொள்ளும் திருநெல்வேலிக்கார இளைய சகோதரி. போனில் வந்திருந்தது ஒரு படிவம். அந்தப் பக்கத்து மடங்களுக்கெல்லாம் தலைவியான மதர் புதிதாகக் கொண்டுவந்த ஏற்பாடு: இனிமேல் யாருக்கும் உத்தரவு கிடையாது, ஒவ்வொருவரும் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு.

"உனக்கு என்னா வேணும்க்கா?" என்றேன்.

காயின் நாரைக் கிழித்தபடியே சொன்னாள்: "எனக்கு என்னாடா வேணும். இங்கயே இருந்துக்கினு, காலைல நான் ஒரு வரி சொன்னா அந்தப் பக்கம் ஒரு ஆளு அடுத்த வரி சொல்லணும். அவ்ளோதான். வாடகை வீட்டுக்குப் போனா கூட வர்ற சிஸ்டர் ஆஸ்பத்திரி நர்ஸ். அவ டூட்டிக்குப் போயிட்டா நான் சொவத்தோடதான் சொல்லணும்."

இவ்வளவு தெளிவாக அவள் எதையும் விரும்பி நான் கேட்டதில்லை. சந்தோஷத்தோடு படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். பெயர், வயது, செய்த பணிகள். நான்காவது கேள்வி: இனி எங்கே வாழ விரும்புகிறீர்கள்? மூன்று வட்டங்கள். இதே இல்லத்தில். வாடகை வீட்டில். எங்கு அனுப்பினாலும் சம்மதம்.

"அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"விட முடியாதுக்கா. சிவப்பு நட்சத்திரம் போட்டுக்கிறாங்க. பதில் இல்லாம போகாது."

முதல் வட்டத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவரைக்காய்ப் பிசுக்கு ஒட்டிய கை.

"மூணாவது."

"இப்பதானக்கா சொன்ன? நீ சொன்னததான் எழுதறேன். பொய்யா எழுதறேன்?"

"உங்கிட்ட சொன்னேன். அவங்ககிட்ட எப்பிடிடா சொல்றது?"

இளைய சகோதரிக்குப் பொறுக்கவில்லை. "என்ன சிஸ்டர் நீங்க! ஓட்டு போடுத மாதிரி ஒரு டிக்குதான? கேக்காங்கல்லா, சொல்லுங்களேன்!"

"ஓட்டுன்னா வேற ஆளுக்குப் போடலாம்மா. இதுல எனக்கே நான் போட்டுக்கணுமாம்."

"நான் போட்டுட்டேன், எனக்கே. கூச்சமெல்லாம் இல்ல. பிள்ளையள விட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன்னு பெருசா எழுதிட்டேன்."

"நீ நல்லவ. உனக்கு வாய் இருக்குது" என்று அக்கா சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தரையில விழுந்தன்னைக்கே என் விருப்பத்த அங்க வச்சிட்டேன்டா. குடுத்தத திருப்பிக் கேக்கறது அசிங்கம்."

"இந்தா வச்சுக்கிடுங்கன்னு அவங்களே திருப்பித் தாராங்க சிஸ்டர்!"

அக்கா கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். உரித்த காய்களை இந்தப் பக்கமும் உரிக்காததை அந்தப் பக்கமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். "எனக்கு வாங்கத் தெரியலியேம்மா. என்னா பண்ணட்டும்?"

மூன்றாவது வட்டத்தைத் தொட்டேன். உங்கள் பதில் பதிவாகிவிட்டது, நன்றி என்றது திரை. அவளுக்குத் தெரியாமல் முதல் வட்டத்தைத் தொட்டிருக்கலாம். அதை இத்தனை மாதங்களில் எத்தனையோ முறை தொட்டுவிட்டேன், பஸ்ஸில், படுக்கையில், மீட்டிங்கில் உட்கார்ந்து வெறும் விரலால் மேசைமேல். அந்த ஒரு நொடியில் மட்டும் தொடவில்லை. அவள் ஆயுளை அடுக்கி வைத்திருந்த அடுக்கில் கைவைக்க எனக்கென்ன உரிமை என்று தோன்றியது. மரியாதை என்று நினைத்தேன். பயமாகவும் இருந்திருக்கலாம்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. இளைய சகோதரி எனக்குப் போன் செய்து அழுதார். "கேட்டவங்களுக்கெல்லாம் கேட்டது கெடச்சிட்டு, அண்ணே. நம்ம சிஸ்டரத்தான் வாடகை வீட்டுக்குப் போட்டிருக்காங்க."

மதர் அந்த வாரம் மடத்துக்கு வந்திருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். அக்காவைவிட நான்கைந்து வயது இளையவர். சாதாரணக் கைத்தறிச் சேலை, மடிக்கணினி. என்னை உட்காரவைத்து அவரே டீ ஊற்றினார். சண்டை போட வந்தவனுக்கு அது பெரிய இடைஞ்சல்.

"எல்லாரையும் கேட்டோம் தம்பி. ஆசையைச் சொன்னவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் குடுத்தோம். எங்கே வேணா போறேன்னு சொன்னவங்கள வச்சுத்தான் மிச்ச இடங்கள நிரப்ப முடிஞ்சுது. வேற எப்படிச் செய்ய?"

"அவங்களுக்கு ஆசை இருக்குது மதர். சொல்ல வரல. அப்பிடிப் பழக்கிட்டீங்க."

"என்னையும் அப்படித்தான் பழக்கினாங்க. உப்பு கேக்காம சாப்பிட்டவதான் நானும்." அவர் குரல் தாழ்ந்தது. "அது போதும்னுதான் இந்தப் படிவமே."

"அப்போ நீங்க ஒரு உத்தரவு போடுங்க. இங்கயே இருன்னு. அவங்க மறுபேச்சு பேச மாட்டாங்க."

மதர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "உத்தரவ நிறுத்தத்தானே தம்பி இவ்வளவும். ஒருத்தருக்கு நல்லதுன்னு மறுபடி ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்? அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். இன்னைக்கே மாத்தறேன்."

நாற்பது வருஷமாக இந்த உத்தரவுகளைத் திட்டிக்கொண்டிருந்தவன், ஒரே ஒரு உத்தரவுக்காக அவர்முன் கையேந்திக்கொண்டிருந்தேன்.

அக்காவை அழைத்துவந்தேன். வரும் வழியில் வராந்தாவிலேயே கெஞ்சினேன். "ஒரு வார்த்தைக்கா. இருக்கறேன்னு சொல்லு. போதும்." அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று முக்காட்டுக்குள் தெரியவில்லை.

மதர் எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், உங்களுக்கு என்ன வேணும்? பயப்படாம சொல்லுங்க."

அக்காவின் தொண்டை அசைந்தது. அது ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஏதோ ஒன்று மேலே வந்து, பல்லுக்குப் பின்னால் நின்று, வந்த வழியே இறங்கியது. வெளியே கம்பெனி பஸ் ஒன்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப கெளம்பணும், மதர்?" என்றாள்.

மதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் நான்தான் காரில் கொண்டுவிட்டேன். சிப்காட்டுக்குப் பின்னால், வரிசை வீடுகளின் மாடி. இரண்டு அறை. ஜன்னலை ஒட்டிய ஷெல்ப்பில் சிலுவை, மெழுகுவத்தி, ஒரு பிளாஸ்டிக் ரோஜா. நர்ஸ் சகோதரி எட்டு மணிக்குத்தான் வருவார். சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கீழ்வீட்டு அம்மா தெலுங்கில் விசாரித்தாள், அக்கா தெலுங்கிலேயே பதில் சொன்னாள். அஞ்செட்டிப் பக்கம் கற்றது. அந்த அம்மா உடனே தன் கால்வலியைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அக்கா இங்கேயும் தேவைப்படுவாள். எனக்கு அது தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். அதனால் எதுவும் எளிதாகிவிடவில்லை.

பெட்டியை வைத்துவிட்டு ஸ்டவ் பற்றுகிறதா என்று பார்த்தேன். குழாயைத் திறந்து பார்த்தேன். இனி பார்க்க ஒன்றுமில்லை. அக்கா ஜன்னலோரம் செபப் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு வரி சொன்னாள். நிறுத்தினாள். பழக்கத்தில் அந்த இடைவெளி தானாக விழுந்துவிட்டது. பிறகு அடுத்த வரியையும் அவளே, கொஞ்சம் குரலை மாற்றி, யாரோ சொல்வதுபோல் சொன்னாள். நான் போய் எதிரே உட்கார்ந்திருக்கலாம். புத்தகத்தில் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டியிருப்பாள். நம்பாத வாயால் அவளுக்குப் பதில் சொல்வதா என்று நின்றேன். அதற்குள் சங்கீதம் முடிந்துவிட்டது.

செருப்பை மாட்டும்போது வாசல்வரை வந்தாள்.

"உனக்கு இங்க சரியா இருக்குமாக்கா?" என்றேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே என்னை ஒண்ணும் கேக்காதடா. கேட்டா பதில் வந்துடும்போல இருக்குது."