நடுவில் கொஞ்சம் மண்

போன மாதம் எங்கள் வீட்டுத் தெருப் படலையடியில் மூன்று கற்கள் கிடந்தன. சாம்பல், சிவப்பு, மஞ்சள். இன்ரலொக் கல் பதிக்கும் மேசன் மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்தவை. புளியங்கூடலில் பாதிப் பேர் அவற்றைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் அக்காவால்தான். கனடாவில் இருந்து வருகிறார். இரண்டு முழங்காலிலும் ஒபரேஷன். வோக்கரைப் பிடித்துத்தான் நடை.

"தம்பி, என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது. படலையிலை இருந்து நானாத்தான் நடந்து வருவன்," என்று போனில் சொல்லிவிட்டார்.

எங்கள் வளவு மண்ணில் வோக்கரை வைத்தால் அரை அடி புதையும். என்ன செய்ய?

படலையிலிருந்து வாசற்படி வரைக்கும் கொங்கிறீட் போடலாம். செலவு குறைவு. ஆனால் கம்பி வைத்தால் இந்த உப்புக் காற்றுக்குக் கறள் பிடிக்கும். வைக்காவிட்டால் கார் ஏறி வெடிப்பு விழும். மழைத் தண்ணீரும் நிலத்துக்குள் இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடிவிடும். தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவன் அதைச் செய்வானா? இன்ரலொக் கல் கொஞ்சம் விலைதான். ஆனால் இடுக்குகளால் தண்ணீர் இறங்கும். ஓர் இடம் தாழ்ந்தால் அந்தக் கல்லை மட்டும் கிளப்பித் திரும்பப் பதிக்கலாம்.

சரி, கல்தான். ஆனால் மனம் கேட்க வேண்டுமே...

அந்த வெள்ளை மண்! விடியற்காலையில் தலை வாரிவிட்டதுபோல, படலை வரைக்கும் விளக்குமாற்றின் கோடுகள். அதில் முதல் காலடி வைக்கவே சின்ன வயதில் நேரத்தோடு எழும்புவேன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. மண் மட்டும் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்று அழுதிருக்கிறேன்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கார்ச் சில்லு ஓட இரண்டு பக்கமும் கல். நடுவில் மண். வோக்கருக்கு ஒரு பக்கக் கல்லே போதும். செலவும் குறையும்!

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெருமையாக அக்காவுக்குச் சொன்னேன்.

"நடுவிலை கிடக்கிற மண்ணை ஆர் கூட்டிறது?"

நான் அந்தக் கோடுகளின் வடிவைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தக் கோடு ஆர் போட்டது, தம்பி? விடிய எழும்பி வளவு முழுக்கக் கூட்டிப்போட்டு நான் பள்ளிக்கூடம் போகேக்கை முதல் பாடம் முடிஞ்சிடும். நீ அதுக்கு மேலாலை சைக்கிள் ஓடுவாய். கனடாவிலை எனக்கு முதல் சந்தோஷமே, இஞ்சை கூட்ட முற்றம் இல்லையெண்டதுதான்."

குசினிக்குள் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. அக்கா கனடா போன பிறகு விளக்குமாறு அவளுடைய கைக்குத்தானே வந்தது... இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

முழுக்கக் கல் பதித்தோம்.

போன ஞாயிறு அக்கா வந்து இறங்கினார். ஒருவரையும் கிட்ட வர விடவில்லை. வோக்கரைத் தள்ளி, நின்று மூச்சு வாங்கி, திரும்பவும் தள்ளி... வாசற்படிக்கு வந்து அவர் நிமிர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல வேலை. இனி ஒருத்தரும் கூட்டத் தேவையில்லை," என்றார்.

"அதெப்பிடி மச்சாள்? மாவிலை கல்லிலையும் விழும்தானே," என்றாள் மனைவி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பிறந்து வளர்ந்த வீட்டில், விளக்குமாறு எங்கே இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.