ரேஸ் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிய காலம்

ரேஸ் ஓட்டுகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், அந்த ரேஸ் ஓடுகிற மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு ஏச்சுதான் கிடைக்கும். டேங்கர் ஓட்டிப் பிழைக்கிற என் இனத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் கூடினாலும் திட்டு, குறைந்தாலும் திட்டு. ஷார்ஜா தாண்டிப் பாலைவனத்துக்குள் இருந்த ஒரு மண் ட்ராக்கில் ஏழு வருடம் அந்தத் திட்டுகளை வாங்கினேன். நாலு பைக், நாலு சுற்று, ஒரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அந்தப் பைக்குகளுக்குப் பிரேக்கே கிடையாது. முதல் நாள் இதைச் சொன்னபோது, புது ஆளைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே கிடையாது! வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்புவார்கள். சறுக்கல் சரியாக அமைய மண்ணில் ஈரம் வேண்டும். அதற்குத்தான் நான்.

எங்கள் விசா எல்லாம் ட்ராக் முதலாளி கையில். அர்பாப் என்று கூப்பிடுவோம். ட்ராக் ஓடும்வரை எங்களுக்குச் சோறு. அது நின்றால் ஊருக்கு ஒருவழி டிக்கெட். ஆகவே கூட்டம் வருகிறதா இல்லையா என்று அவரைவிட நாங்கள்தான் அதிகம் எட்டிப் பார்ப்போம்.

முதல் வெள்ளிக்கிழமை

நான் அறந்தாங்கிப் பக்கம், விவசாயக் குடும்பம். சிமெண்ட் சைட்டில் டேங்கர் ஓட்டிவிட்டு இங்கே வந்தேன். மெக்கானிக் அந்தோணி அண்ணன் கொளச்சல்காரர், எனக்கு முன்னாலேயே பல வருடமாக அங்கே இருந்தவர். “மண்ண நனைச்சுவிடு” என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஈரம் நெல்வயல் ஈரம்தான். மூன்று டேங்கர் தண்ணீரையும் பாய்ச்சி, ட்ராக் பளபளவென்று மின்னும்வரை நிறுத்தினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

நாலு பைக்கும் முதல் வளைவிலேயே ஒன்றின்மேல் ஒன்றாகப் போய்ச் சொருகின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை, சேறு மட்டும்தான். ஒரு வெள்ளைக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தான். நான் டேங்கருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அந்தோணி அண்ணன் வந்து கதவைத் தட்டி, குரலே உயர்த்தாமல் கேட்டார்: “மக்கா, நாத்து எப்பம் நடணும்?”

வெள்ளைச் சட்டை

அப்போதெல்லாம் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கார்கள் மணலில் வரிசை கட்டும். நிற்க இடம் இருக்காது. முதல் வளைவில் உட்கார்ந்தால் சேறு மேலே தெறிக்கும் என்று போர்டே வைத்திருந்தோம்.

அங்கேதான் போய் உட்கார்ந்தார் ஜமால் காக்கா. கீழக்கரைக்காரர், அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாய் தேராவில் மசாலாக் கடை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முதல் ரேஸ் முடிந்தபோது சட்டையில் வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது. அந்த வாரம் நான் ஏற்கெனவே இரண்டு முறை திட்டு வாங்கியாகிவிட்டது, மூன்றாவதை நானே போய் வாங்கிக்கொள்வோம் என்று ஓடினேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இதுக்குத்தானே தம்பி தேராவிலேர்ந்து ட்ராஃபிக்ல கெடந்து வாறேன். அடுத்த ரேசுக்கு இன்னும் ரெண்டு சுத்து தண்ணி விடுங்க.”

அந்த வாசனை

பிறகு விலை ஏற ஆரம்பித்தது. இந்தப் பைக்குகள் பெட்ரோல் குடிக்காது, மெத்தனால்தான் குடிக்கும். ஒவ்வொரு தடவை ட்ரம் வரும்போதும் விலை ஏறியிருக்கும். டயர் ஒரே நாளில் மொட்டையாகிவிடும். வெளிநாட்டு ஓட்டுநர்களின் விமானச் செலவு வேறு. சமாளிக்க நுழைவுச் சீட்டின் விலையை ஏற்றினார்கள். குடும்பங்கள் வருவது குறைந்தது. குறைந்ததும் மறுபடி ஏற்றினார்கள்! எங்கே கொண்டுபோய் விடும் என்று டேங்கர் ஓட்டுகிற எனக்கே புரிந்தது, ஆபீசில் டை கட்டினவர்களுக்குப் புரியவில்லை.

அந்த டை கட்டினவர்களில் ஒருவர்தான், சாலையோரச் செடிகளுக்கு ஊற்றுகிற சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரை மலிவாகப் பிடித்து வந்தார். ஊற்றினேன். ஐயோ, சாமி! வெயில் பட்டதும் பார்வையாளர் ஸ்டாண்டில் இருந்த பெண்கள் துப்பட்டாவை மூக்கில் வைத்தார்கள். மூன்றாவது ரேசுக்குள் பாதி கார்கள் கிளம்பிவிட்டன. ஜமால் காக்கா மட்டும் அசையவில்லை. போகும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, கடைக்குப் போயி ஏலக்கா மூட்டைமேல உக்காந்தா சரியாப்போகும். பிள்ளைகுட்டியோட வந்தவங்க எதுமேல போயி உக்காருவாங்க?”

மைக் பிடித்த மெக்கானிக்

துபாயில் பணம் வற்றி, கட்டடக் கிரேன்கள் எல்லாம் அப்படியே ஆடாமல் நின்ற வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அந்த வருடம் பெட்டி கட்டினோம்! ட்ராக்கிலும் ஆள் குறைத்தார்கள். மைக்கில் அறிவிப்புச் செய்தவர் போனார். அந்த வேலையும் அந்தோணி அண்ணன் தலையில் விழுந்தது. ஸ்பேனரை இடுப்பில் சொருகிக்கொண்டே மைக் பிடிப்பார்.

அதே வருடம்தான், நான் லீவு முடிந்து திரும்பிய இரண்டாவது மாதம், ஊரிலிருந்து என் மனைவி மலர் போன் செய்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, உண்டாகியிருக்கிறாள். டேங்கர் நிழலில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சீசன் முடிந்ததும் எனக்கு லீவு. போய்விட்டுத் திரும்பி வர வேலை இருக்குமா? அந்த வாரம் ஸ்டாண்டில் இருந்தவர்களை மூச்சு விடாமல் எண்ணிவிடலாம். மைக்கில் அந்தோணி அண்ணன் குரல் மட்டும் கம்பீரமாக வந்தது: “ஜமால் காக்காவுக்கு ஒரு விண்ணப்பம், நீங்க எழும்பி டீ குடிக்கப் போவாதீங்கோ, போனா ஸ்டாண்டு காலின்னு வெள்ளக்காரன் நினைச்சிருவான்.”

ஏழாவது நாள்

அர்பாப் எங்களைக் கூப்பிட்டார். சீசனின் கடைசி வெள்ளிக்கிழமை பாதி ஸ்டாண்டாவது நிறைந்தால் அடுத்த சீசன் உண்டு. இல்லையென்றால் மாஃபி, கிடையாது. கத்தவில்லை, அவருக்கே முகம் வாடியிருந்தது. கடைசி நாளைக்குச் சீட்டு இலவசம், யாரை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள் என்றார்.

நான் லேபர் கேம்ப் கேம்ப்பாக ஏறி இறங்கினேன். வெள்ளிக்கிழமைதான் நம் ஆட்கள் துணி துவைப்பதும், வீட்டுக்குப் போன் பேசுவதும், தூங்குவதும். யார் வருவார்கள்? பெரம்பலூர்க்காரக் கார்பெண்டர் ஒருவர், செல்வராசு, பக்கெட்டில் துணியை அலசிக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏண்ணே, ஆறு நாளா மண்ணுதான் தின்னுக்கிட்டிருக்கோம், ஏழாவது நாளுமா கூப்புடறீங்க?”

கடைசி வெள்ளிக்கிழமை

ஆனால் வந்தார்கள்! செல்வராசு கேம்ப்பில் அன்றைக்கு ஜெனரேட்டர் படுத்துக் கரண்ட் போய்விட்டது, டி.வி. ஓடவில்லை. கடவுளுக்கு நன்றி சொல்வதா, ஜெனரேட்டருக்குச் சொல்வதா தெரியவில்லை. இரண்டு பஸ் நிறைய ஆட்கள். ஜமால் காக்கா தன் தெருக் கடைக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். பைக் வளைவில் சறுக்கியதும் நம் ஆட்கள் போட்ட விசில் இருக்கிறதே, அந்தப் பாலைவனம் அதற்கு முன் கேட்டிருக்காது. யார் ஜெயித்தாலும் கைதட்டினார்கள், யார் விழுந்தாலும் எழுந்து நின்றார்கள்.

இருந்தும் ஸ்டாண்டில் பாதி நிறையவில்லை. கால்வாசி இருக்கும். அர்பாப் சுற்றிலும் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து அத்தனை பேருக்கும் தலையசைத்தார். நஷ்டத்தோடு நஷ்டமாக எல்லோருக்கும் ஜூஸ் கொடுக்கச் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பி, “கலாஸ்” என்றார், முடிந்தது என்று. பஸ் ஏறும்போது செல்வராசு என் கையைப் பிடித்துக்கொண்டார், முகமெல்லாம் சிரிப்பு: “அண்ணே, அடுத்த வாரமும் வரலாமா?”

ஒரு ஆள் போதும்

மற்றவர்களுக்கெல்லாம் ஒருவழி டிக்கெட் கொடுத்த பிறகு, அர்பாப் என்னையும் அந்தோணி அண்ணனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். பூட்டிய ட்ராக்கையும் வண்டிகளையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும், யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். நியாயப்படி அது அந்தோணி அண்ணனுக்குத்தான். ‘அவர்தான் சீனியர்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அவர் யோசிக்கவே இல்லை, என்னைக் கை காட்டினார்.

என் லீவு முடியும்வரை அர்பாப் வீட்டுக் காவலாள் ட்ராக்கைப் பார்த்துக்கொள்ள, நான் போக வர டிக்கெட்டோடு ஊருக்குப் போனேன். மகளைக் கையில் வாங்கினேன். இரண்டு மாதம் கவலையில்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அந்தோணி அண்ணன் எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, குவைத்தில் மங்காஃப் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். அந்த எட்டு மாதத்துக்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லி முடிப்பேன்? அன்றைக்கு ஆபீசுக்கு வெளியே, ‘உங்களுக்கென்ன கிறுக்கா’ என்று நான் சத்தம் போட்டபோது அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்: “திரும்பி வர ஒரு இடம் உண்டுன்னு தெரிஞ்சாதாம்ல லீவுல போனவனுக்குச் சோறு இறங்கும், நீ போயி பிள்ளையப் பாத்துட்டு வா.”

செலவு ஏறி, கூட்டம் இறங்கி, கடைசியில் பைக்கே ஓடாமல் போன ஒரு தொழிலில் லாபம் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்பது அர்பாப் காதுக்குப் போகாமல் இருந்தால் சரி.